தண்டத்தைக் கட்டினால் முடிந்ததா? ஒரு மதுபோதை வழக்கும் ஒரு வேலை விண்ணப்பமும்

"கோர்ட்டுக்குப் போ, குற்றத்தை ஒப்புக்கொள், தண்டத்தைக் கட்டு. அதோட சரி." மடுவிலும் நானாட்டானிலும் மாந்தைப் பக்கத்திலும் இந்தப் புத்திமதியைக் கேட்காத பெடியங்கள் குறைவு. பலூன் ஊதிப் பிடிபட்டவனுக்கு அண்ணன்மார் சொல்வதும் இதுதான், ஓட்டோ ஸ்டாண்டில் சொல்வதும் இதுதான். சொல்கிறவர்கள் கெட்டதுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் அலைச்சலோடு விசயம் முடியட்டும் எண்டுதான் சொல்கிறார்கள்.

ஆனால் அது முடிவதில்லை. நீதவான் கொடுக்கும் தண்டனைக்கு ஒரு கடைசித் திகதி இருக்கிறது. பணத்தைக் கட்டினால் ரசீது வரும், நிறுத்திவைத்த லைசன்ஸ் காலம் முடியத் திரும்பி வரும். நாலு வருசம் கழித்து ஒரு விண்ணப்பப் படிவம், "நீதிமன்றத்தால் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டுள்ளீரா?" எண்டு கேட்கும்போது தொடங்குகிற தண்டனைக்குத்தான் கடைசித் திகதி கிடையாது. இந்த இரண்டாவது தண்டனையை எந்த நீதவானும் விதிக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது, எப்படி இவ்வளவு நீளமானது எண்ட வரலாற்றைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குடித்துவிட்டு வாகனம் ஓடுவதைச் சின்னப் பிழையாகக் காட்ட நாங்கள் வரவில்லை. இரவில் மாடு படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள் வரும் எங்கட ரோட்டுகளில் அது உயிரோடு விளையாடுகிற விசயம். தண்டனை வேணும். அது எங்கே முடிய வேணும் எண்டதுதான் எங்கட கேள்வி.

ஒரு டாக்சிக்காரரில் இருந்து 80 வரை

குடித்துவிட்டு மோட்டார் வாகனம் ஓடியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் எண்டு பதிவாகியிருப்பவர் லண்டன் டாக்சிச் சாரதி ஜோர்ஜ் ஸ்மித். 1897 செப்டெம்பர் 10ஆம் திகதி தன்ர வண்டியை ஒரு கட்டடத்தில் மோதினார். 25 ஷில்லிங் தண்டம். கவனியுங்கோ, முதல் வழக்கே வண்டி ஓடிப் பிழைத்த ஒரு தொழிலாளியின் வழக்கு. அண்டையில் இருந்து இண்டைக்கு வரைக்கும் இந்தக் குற்றம் ஒருவனுடைய பிழைப்போடு ஒட்டியே வந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் வெறி எண்டதை அளக்க வழி இருக்கவில்லை. பொலிஸ்காரர் மணந்து பார்ப்பார், நடக்கச் சொல்லிப் பார்ப்பார், டொக்டர் சாட்சி சொல்லுவார். 1936இல் நோர்வே இரத்தத்தில் உள்ள மதுவின் அளவுக்குச் சட்டத்தில் ஒரு எண்ணை வைத்தது. 1954இல் அமெரிக்காவில் ரொபர்ட் போர்க்கன்ஸ்டைன் மூச்சை வைத்தே அந்த அளவைச் சொல்லும் கருவியைச் செய்தார். 1967இல் பிரித்தானியா வீதிப் பாதுகாப்புச் சட்டத்தில் 100 மில்லிலீட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் எண்ட எல்லையைக் கொண்டுவந்தது.

இந்த மாற்றம் பெரியது. முந்தி ஆள் தள்ளாடினானா எண்டதுதான் கேள்வி. பிறகு ஒரு எண்ணுக்கு மேலேயா கீழேயா எண்டு கேள்வி மாறியது. தள்ளாட்டத்தைப் பற்றி வாதாடலாம், எண்ணோடு வாதாடுவது கஷ்டம். குற்றத்தை நிரூபிப்பது லேசானது, அதனால் ஒப்புக்கொள்வதும் வழக்கமானது.

இலங்கையிலும் எல்லை அதே 80தான். இதில் எங்கட ஆக்கள் மறக்கிற ஒன்று இருக்கிறது. உடம்பு மதுவைக் கழிக்கும் வேகம் சராசரியாக மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் அளவுதான். நடுச்சாமத்தில் 160இல் நித்திரைக்குப் போனவன் 80க்கு இறங்கவே ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேணும். விடிய ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸை எடுக்கிற சாரதி, "நேற்றுத்தானே குடிச்சனான்" எண்டு சொன்னாலும் கருவி இண்டைய கணக்கைத்தான் காட்டும்.

1927இல் வந்த இரண்டு சட்டங்கள்

1927இல் இலங்கையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரித் தெரியும் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. ஒன்று 20ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டம். மற்றது 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம். முதலாவது, வாகனம் ஓடுபவனை லைசன்சுக்குள் கொண்டுவந்த வரிசையில் ஒரு படி. அந்த வரிசை 1938இன் 45ஆம் இலக்கச் சட்டம் வழியாக வந்து, இண்டைக்கும் நடைமுறையில் உள்ள 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் நிற்கிறது. மதுபோதை பற்றிப் பேசுவது அதன் 151ஆம் பிரிவு. மூச்சுச் சோதனையும் கூடிய தண்டனைகளும் பிந்திய திருத்தங்களில் சேர்ந்தன. 2019இன் திருத்தத்தோடு ஆகக் குறைந்த தண்டமே 25,000 ரூபாயானது.

இரண்டாவது சட்டம் வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆனால் மருத்துவராகப் பதிவுசெய்ய வருபவர் நல்லொழுக்கம் உள்ளவராக இருக்க வேணும் எண்டு சொல்கிறது. 1978இன் நீதித்துறைச் சட்டமும் சட்டத்தரணியாகச் சேர்பவரிடம் நற்பெயரைக் கேட்கிறது. அரச வேலைக்கு வர்த்தமானியில் வரும் அறிவித்தல்களிலும் ஒழுக்கம் பற்றிய வரி இல்லாமல் இருப்பது அரிது.

நல்லொழுக்கம் எண்டால் என்ன எண்டு இந்தச் சட்டங்கள் விரித்துச் சொல்வதில்லை. வாகனச் சட்டம் ஒருவனைக் குற்றவாளி எண்டு எழுதுகிறது, தொழிற் சட்டம் நல்லவனைக் கேட்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தை நேர்முகத் தேர்வு மேசையில் இருப்பவர்தான் நிரப்புகிறார். ஒருவர் "சின்ன விசயம்" எண்டு தள்ளிவிடுவார். இன்னொருவர் கோப்பை மூடிவிடுவார். எந்தப் பக்கம் விழும் எண்டு விண்ணப்பிக்கிறவனுக்கு முன்கூட்டித் தெரியாது.

விதானையார் போய்ப் படிவம் வந்தது

அப்போ அந்த நல்லொழுக்கத்துக்கு யார் சாட்சி? ஒரு காலத்தில் விதானையார் சாட்சி. எங்கட கத்தோலிக்க ஊர்களில் பங்குச் சாமியாரின் கடிதமும் சாட்சி. இவர்கள் எல்லாம் ஆளைத் தெரிந்தவர்கள். தேப்பன் யார், போன வருசம் என்ன நடந்தது, பிறகு திருந்தினானா எண்டதெல்லாம் தெரிந்துதான் எழுதுவார்கள்.

அந்த முறையை நாங்கள் பொற்காலமாக்க விரும்பவில்லை. விதானையாரோடு கோபமாய் இருந்தவனுக்கும், ஊரில் சாதியால் ஒதுக்கப்பட்டவனுக்கும் அந்த நாலு வரி கிடைப்பது எவ்வளவு கஷ்டமாய் இருந்திருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கோ. 1963இல் பரம்பரைத் தலைமைக்காரர் முறை நீக்கப்பட்டுக் கிராம சேவகர்கள் வந்ததில் நியாயம் இருந்தது. இண்டைக்கு ஜீ.எஸ். தரும் வதிவிட, நற்சான்றுப் பத்திரம் அந்த வழியில் வந்ததுதான்.

பிறகு அதுக்கு மேலே இன்னும் இரண்டு படி ஏறியது. ஒன்று பொலிஸ் நற்சான்றிதழ். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் இருந்து அது எங்கட வீடுகளில் பழகின பேர். மற்றது விண்ணப்பத்தில் உள்ள ஆம்–இல்லைப் பெட்டி. விதானையாரின் கடிதத்தில் "பிறகு திருந்தினவர்" எண்டு ஒரு வரி எழுத இடம் இருந்தது. பெட்டியில் இல்லை. முகம் பார்த்துச் செய்த அநியாயம் குறைந்தது, அதோடு ஆளைத் தெரிந்து செய்த மன்னிப்பும் போய்விட்டது.

பதிவு இல்லாத வருசங்கள்

மடுவில் இந்த வரலாற்றுக்கு நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. 1990இல் மடுக் கோயில் வளவும் சுற்றுப்புறமும் யூ.என்.எச்.சி.ஆரின் திறந்த நிவாரண நிலையமாகி, ஆயிரக்கணக்கான சனம் அங்கே கூடாரம் போட்டிருந்தது. 1999 நவம்பரில் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் எறிகணை விழுந்தது. 2008 ஏப்ரலில் மாதா சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அரச லைசன்ஸ் எடுக்க வழியில்லாமல் ஒரு தலைமுறை வண்டி ஓடப் பழகியது.

அந்த வருசங்களில் வன்னியில் இருந்தது புலிகளின் காவல்துறையும் நீதிமன்றங்களும். அங்கே தண்டிக்கப்பட்டவர்களின் கோப்புகள் இண்டைக்கு யாருடைய பொலிஸ் நற்சான்றிதழிலும் வராது. வைத்திருந்த நிர்வாகத்தோடு அந்தப் பதிவும் போய்விட்டது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. குற்றப்பதிவு ஆளோடு ஒட்டிய மச்சம் இல்லை. அதை ஒரு நிர்வாகம் எழுதுகிறது, வைத்திருக்கிறது, எவ்வளவு காலம் காட்டுவது எண்டு தீர்மானிக்கிறது. போர் அழித்த மாதிரி அழிய வேணும் எண்டு சொல்லவில்லை. ஆனால் மனிசர் செய்த முறை எண்டபடியால் மனிசர் அதுக்கு ஒரு எல்லையும் வைக்கலாம்.

போர் முடிந்தபோது எங்கட சனம் பட்ட பாடு பத்திரம் இல்லாத பாடு. பிறப்புப் பதிவு இல்லை, அடையாள அட்டை இல்லை, காணி உறுதி இல்லை. நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று ஒவ்வொன்றாய் எடுத்தோம். அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்ப வருவது வேறு பாடு. பத்திரம் இருக்கிறது, அதில் ஒரு வரி கூடிப்போய் இருக்கிறது.

ரோட்டு வந்தது, லீசிங் வந்தது, பலூனும் வந்தது

2009க்குப் பிறகு ஏ14 மெதவாச்சி–தலைமன்னார் ரோட்டும் ஏ32 மன்னார்–பூநகரி ரோட்டும் காப்பெட் ஆகின. ரயில் 2013இல் மடு றோட்டுக்கும் 2015இல் தலைமன்னாருக்கும் திரும்பி வந்தது. லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வீட்டுக்கு வீடு வந்தன. தொண்டு நிறுவனங்களிலும் கண்ணிவெடி அகற்றும் வேலையிலும் சாரதிகளுக்குத் தேவை வந்தது. ஓ.எல். தாண்டாத பெடியனுக்கு லைசன்ஸ்தான் பட்டம்.

அதே ரோட்டில் சோதனையும் வந்தது. இங்கே எங்கட ஆக்கள் போட்டுக் குழப்பும் இரண்டு விசயத்தைப் பிரித்துச் சொல்ல வேணும். ஹெல்மெட் போடாமலோ சிக்னல் போடாமலோ பிடிபட்டால் பொலிஸ்காரர் தண்டப் பத்திரம் எழுதித் தருவார், தபால் கந்தோரில் கட்டினால் விசயம் அங்கேயே முடியும், கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. மதுபோதை அப்படியில்லை. அது நீதவானுக்கு முன்னால் போயே ஆக வேணும். அங்கே "ஓம்" எண்டு ஒப்புக்கொள்ளும் கணத்தில் எழுதப்படுவது ஒரு குற்றத்தீர்ப்பு. இரண்டு இடத்திலும் கையில் கிடைப்பது ரசீதுதான் எண்டபடியால் இரண்டும் ஒன்று மாதிரித் தெரிகிறது. "தண்டத்தைக் கட்டினால் சரி" எண்ட புத்திமதி தபால் கந்தோர்த் தண்டத்துக்குச் சரி, கோர்ட்டுத் தண்டத்துக்குப் பிழை.

ஏ14இல் இன்னொரு சிக்கலும் உண்டு. மன்னார் நீதிமன்றத்தின் மொழி தமிழ். வடக்கின் எல்லையைத் தாண்டி மெதவாச்சிப் பக்கம் பிடிபட்டால் நீதிமன்ற மொழி சிங்களம். மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. ஆனால் உரிமை இருப்பது தெரியாமல், கேட்டால் இன்னொரு தவணை போடுவார்கள் எண்ட பயத்தில் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் எதை ஒப்புக்கொண்டோம் எண்டு அவர்களுக்கு விளங்குவது பிறகு ஒரு படிவத்துக்கு முன்னால்தான்.

யாருக்கு எவ்வளவு பாரம்

சாரதிக்கு அடி உடனே விழுகிறது. லைசன்ஸ் நின்ற நாளே சம்பளம் நிற்கும், லீசிங் நிற்காது. கந்தோரில் இருந்து வேலை செய்பவருக்கு அதே தீர்ப்பு ஒரு சங்கடமான மாதமாகக் கழியலாம். இன்னும் வேலைக்குப் போகாத மாணவனுக்கு ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும். சட்டக் கல்வியையோ மருத்துவப் படிப்பையோ முடித்துவிட்டு நற்பெயரைக் காட்ட வேண்டிய நாளில்தான் அவனுக்குக் கேட்கும்.

எங்கட ஊரில் பாதிக் கனவு வெளிநாட்டில் இருப்பதால் அங்கத்தைய சட்டத்தையும் பார்க்க வேணும். 2018 டிசெம்பர் 18ஆம் திகதி கனடா, போதையில் வாகனம் ஓடும் குற்றத்துக்கான ஆகக்கூடிய தண்டனையை 5 வருசத்தில் இருந்து 10 வருசமாக்கியது. அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தில் 10 வருசம் எண்டது பாரதூரமான குற்றத்தின் எல்லைக்கோடு. உண்மையில் கிடைத்தது வெறும் தண்டப்பணமாக இருந்தாலும், சட்டத்தில் எழுதியிருக்கும் ஆகக்கூடிய அளவைத்தான் பார்ப்பார்கள். ஸ்காபரோவில் நிரந்தர வதிவிட உரிமையோடு இருக்கும் ஒருவருக்கு அந்த உரிமையே கேள்விக்குறியாகலாம். வெளிநாட்டில் பெற்ற தீர்ப்பையும் தங்கட சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனவே மன்னார் கோர்ட்டில் பகல் சாப்பாட்டுக்கு முன் முடிந்த ஒரு வழக்கு, பல வருசம் கழித்து ஒரு விசா மேசையில் திரும்ப விரியலாம்.

பிரித்தானியா வேறு வழி போனது. அங்கே 1974இல் குற்றவாளிகளின் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. குறித்த காலம் ஒழுங்காக இருந்தால் பழைய தீர்ப்பு கழிந்ததாகும், சாதாரண வேலைக்கு விண்ணப்பிக்கையில் அதைச் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் மதுபோதை வழக்கில் தண்டப்பணம் கட்டியவருக்கு அந்தக் காலம் 5 வருசம். மருத்துவர், சட்டத்தரணி, பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் போன்றோருக்கு விதிவிலக்கு உண்டு. அதாவது மறக்கலாமா வேண்டாமா எண்டதை மேசையில் இருப்பவரின் மனநிலைக்கு விடாமல், எந்த வேலைக்கு எவ்வளவு காலம் எண்டு சட்டமே சொல்கிறது.

இந்தியாவில் நீதிமன்றம் ஒரு நடுவழி காட்டியது. 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விண்ணப்பத்தில் கேட்டதற்கு உண்மை சொல்ல வேணும் எண்டது. அதே நேரம், விசயம் அற்பமானதாக இருந்தால் மறைத்ததையும்கூட வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் எண்டது. உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேணும் எண்டு கட்டாயமில்லை. ஆனால் எல்லாரையும் ஒரே கோலால் அளக்காமல் பதவியையும் குற்றத்தின் தன்மையையும் பார்க்கச் சொல்கிறது அந்தத் தீர்ப்பு.

எங்களுக்கு என்ன வேணும்

பிரித்தானியாவின் 1974 சட்டம் மாதிரி ஒரு பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை. இங்கே உள்ளது முன்வாசலில் ஒரு சின்ன வழி. 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு, ஆளின் வயது, முன்னைய நடத்தை, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே நிபந்தனையோடு விடுவிக்க நீதவானுக்கு இடம் கொடுக்கிறது. எந்த வழக்குக்கு அது பொருந்தும் எண்டு சட்டத்தரணியிடம்தான் கேட்க வேணும். ஆனால் கேட்பதற்கே, ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு சட்டத்தரணியைப் பார்த்திருக்க வேணும். இரண்டாயிரம், மூவாயிரம் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் பயந்து அதைத் தாண்டிப் போகிறோம்.

வாசல் தாண்டிவிட்டவர்களுக்கு ஒன்று சொல்வோம். படிவம் கேட்டால் மறைக்காதேங்கோ. பழைய தீர்ப்பை ஒரு நியாயமான மேலாளர் மன்னிக்கலாம். "இல்லை" எண்டு பொய்யாய் அடித்த புள்ளடியை மன்னிப்பது அவருக்கும் கஷ்டம், அது வேலையில் சேர்ந்து பத்து வருசத்துக்குப் பிறகும் வேலையைப் பறிக்கலாம். திகதி, கோர்ட்டு, தண்டம், அதுக்குப் பிறகு என்ன செய்தீர்கள் எண்டதை நாலு வரியில் எழுதி ரசீதோடு வைத்திருங்கோ. விதானையாரின் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரியை இப்ப நாங்களே எழுத வேண்டியிருக்கிறது.

வேலை கொடுப்பவர்களிடமும் கேட்கிறோம். பஸ் ஓடவும் பள்ளிக்கூட வான் ஓடவும் ஆள் எடுக்கும்போது இந்தத் தீர்ப்பைப் பாருங்கோ, கடுமையாகவே பாருங்கோ. பிள்ளைகளின் உயிர் அது. கணக்கெழுதவும் கணினித் திருத்தவும் ஆள் எடுக்கும்போது ஏழு வருசத்துக்கு முந்திய ஒரு இரவு எதுக்கு? அந்த வித்தியாசத்தைச் சட்டமாக எழுதினால், திருந்துகிறவனுக்கு ஒரு திகதி கிடைக்கும். அந்தத் திகதியை எண்ணிக்கொண்டு ஒழுங்காக இருக்க ஒரு காரணமும் கிடைக்கும். முடிவே இல்லாத தண்டனை யாரையும் திருத்தி நாங்கள் காணவில்லை. லைசன்சும் வேலையும் இல்லாமல் வீட்டில் இருக்கிற பெடியன் திரும்பவும் எந்தக் கடை வாசலில் நிற்பான் எண்டு எங்கட ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சட்டம் வரும்வரை எங்கட கையில் இருப்பது இவ்வளவுதான். குடித்தால் திறப்பை வேறொருவரிடம் கொடுங்கோ. பிடிபட்டால், "கட்டிப்போட்டு வா" எண்டு சொல்லும் அண்ணனிடம், கட்டுவது எந்தத் தண்டம் எண்டு திருப்பிக் கேளுங்கோ.